மக்கர் செய்யும் நுண்ணுயிரியல் வகுப்பு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

விரிவுரையைக் குறைத்துவிட்டு, மாணவர்களைக் குழுவாக உட்காரவைத்து, கேள்வியும் விவாதமுமாக நுண்ணுயிரியல் நடத்தலாம் என்று ஆசையாக இறங்குவோம். மூன்றாவது வாரம் வகுப்பு இழுத்துக்கொண்டு நிற்கும். சத்தமில்லாமல் பழைய ஸ்லைடுகளுக்கே திரும்பிவிடுவோம். நானும் ஒரு முறை அப்படித் திரும்பியவன்தான்.

முறை நல்ல முறைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றிருந்தார்கள். மாணவர்கள் தாங்களே ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம் பேர். ஆனால் அந்தச் சராசரி உங்கள் வகுப்பில் தானாக வந்துவிடாது. எங்கே தட்டுகிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கீழே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை. குழுவுக்கு நீங்கள் கொடுத்த கேள்வியை எடுங்கள். பாடநூலைத் திறந்து வைத்திருக்கும் ஒரு தனி ஆள் ஒரு நிமிடத்தில் அதற்கு விடை எழுதிவிட முடியுமா? முடியும் என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிட்டது. அந்தக் கேள்விக்கு நான்கு பேர் தேவையே இல்லை. அது மாணவர்களுக்கும் தெரியும். நான் பார்த்தவரை, மாணவர்கள் மேல் நாம் போடும் பழியில் பெரும்பங்கு கேள்வியின் மேல் போட வேண்டியது.

அறிகுறி: கேள்வி கேட்டால் வகுப்பே மௌனம்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு அளந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதுமே விடைகள் நீளமாயின, பேசுபவர் எண்ணிக்கையும் கூடியது. மூன்று வினாடி என்பது சொல்லும்போது ஒன்றுமில்லை. மேடையில் நின்று பாருங்கள், யுகமாக இருக்கும். மனதுக்குள் பத்து வரை எண்ணுவது என் வழக்கம்.

காத்திருந்தும் மௌனம்தான் என்றால், பேசுவதற்கு முன் எழுத வையுங்கள். ஒரு நிமிடம் தனியாக எழுதட்டும், அடுத்த இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், அப்புறம் வகுப்புக்குச் சொல்லட்டும். 1980-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் லைமன் பேர் வைத்துப் பரப்பிய பழைய உத்தி இது. இதில் தனியாக எழுதும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவசரத்தில் எல்லோரும் வெட்டிவிடுகிறோம். வெட்டினால் மற்ற இரண்டும் வேலை செய்யாது. கையில் ஒரு விடை இல்லாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவார்?

அதற்கும் பேச்சு வரவில்லையா? கேள்வியே செத்த கேள்வி. “கிராம் பாசிடிவ் என்றால் என்ன?” என்று கேட்டால், தெரிந்தவருக்கு அலுப்பு, தெரியாதவருக்கு அவமானம். (கிராம் சாயமேற்றல் பாக்டீரியாவை இரண்டாகப் பிரிக்கும். கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின் என்ற நான்கு படிகளுக்குப் பின் ஸ்டாஃபிலோகாக்கஸ் போல ஊதாவாக நிற்பது கிராம் பாசிடிவ், ஈ. கோலை போலச் சிவப்பாவது கிராம் நெகடிவ்.) அந்தக் கேள்வியையே இப்படித் திருப்புங்கள்: “நேற்று சாயமேற்றும்போது அயோடினை ஊற்ற மறந்துவிட்டேன். மற்ற எல்லாம் சரியாகச் செய்தேன். ஸ்லைடில் ஸ்டாஃபிலோகாக்கஸும் ஈ. கோலையும் இருக்கின்றன. எது என்ன நிறம்?” இப்போது ஊகிக்க இடம் இருக்கிறது. கிரிஸ்டல் வயலெட்டும் அயோடினும் சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாக மாறினால்தான் கிராம் பாசிடிவ் செல்லின் தடித்த பெப்டிடோகிளைகான் சுவர் அதைப் பிடித்து நிறுத்தும். அயோடின் இல்லாவிட்டால் ஆல்கஹால் இரண்டிலிருந்தும் சாயத்தைக் கழுவிவிடும், கடைசியில் சாஃப்ரனின் இரண்டையும் சிவப்பாக்கிவிடும். இந்த விடைக்கு வந்து சேர்வதற்குள் மாணவர்கள் நான்கு படிகளையும் தாங்களாகவே ஒரு முறை ஓட்டிப் பார்த்திருப்பார்கள்.

அறிகுறி: ஒருவர் மட்டும் வேலை செய்கிறார், மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்

இதற்கு நாம் வழக்கமாகச் செய்யும் மருந்து, “எல்லோரும் பங்கெடுங்கள்” என்று குரலை உயர்த்துவது. பலன் பூஜ்யம்.

குழு எத்தனை பேர் என்று பாருங்கள். ஆறு பேர் இருந்தால் இரண்டு பேர் ஒளிந்துகொள்ளலாம். ஒரு வகுப்பு நேரத்துக்கான சின்ன வேலைக்கு மூன்று அல்லது நான்கு பேர் போதும். அப்புறம், குழு சார்பில் யார் பேசுவார் என்பதைக் கடைசி நொடியில் நீங்கள் தீர்மானியுங்கள். “யாராவது ஒருவர் சொல்லுங்கள்” என்றால் அந்த ஒருவர் எப்போதும் அதே ஒருவர்தான்.

நிரந்தர மருந்து வேறு: யாருமே தனியாக முடிக்க முடியாதபடி தகவலைப் பிரித்துக் கொடுப்பது. எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் பள்ளி வகுப்புகளுக்காக உருவாக்கிய ஜிக்சா முறையின் அடிப்படை இதுதான். நுண்ணுயிரியலுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தும். ‘பெயர் தெரியாத பாக்டீரியா’ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையில் கிராம் ஸ்லைடின் படம்: ஊதா நிறம், கொத்துக் கொத்தான கோளங்கள். இன்னொருவருக்கு கேட்டலேஸ் என்ற நொதிக்கான சோதனை: நுரை பொங்குகிறது. மூன்றாமவருக்கு கோயாகுலேஸ் (பிளாஸ்மாவை உறையவைக்கும் நொதி): பிளாஸ்மா உறைந்துவிட்டது. நான்காமவருக்கு மேனிட்டால் உப்பு அகார் (மேனிட்டாலும் அதிக உப்பும் சேர்த்த வளர்ப்பு ஊடகம்): ஊடகம் மஞ்சளாகிவிட்டது. சீட்டைக் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். நான்கும் சேர்ந்தால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற முடிவு வரும். அப்புறம் ஒரு திருப்பம் கொடுங்கள்: மூன்றாமவரின் சீட்டில் பிளாஸ்மா உறையவில்லை என்று மாற்றிவிட்டு, மற்ற மூன்றையும் அப்படியே விடுங்கள். இப்போது மேனிட்டால் ‘ஆரியஸ்தான்’ என்று ஒரு பக்கம் இழுக்கும், கோயாகுலேஸ் ‘ஆரியஸ் இல்லை’ என்று இன்னொரு பக்கம் இழுக்கும். எந்தச் சோதனையை அதிகம் நம்புவது, எதைத் திரும்பச் செய்வது என்ற வாக்குவாதம் தானாகக் கிளம்பும். வகுப்பில் நான் கேட்க விரும்பும் சத்தம் அதுதான்.

ஜிக்சாவில் ஒரு பொய் வடிவம் உண்டு, அதில் விழுந்துவிடாதீர்கள். ஒருவருக்கு பாக்டீரியா, ஒருவருக்கு வைரஸ், ஒருவருக்குப் பூஞ்சை, ஒருவருக்குப் புரோட்டோசோவா என்று பிரித்து, “படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்” என்பது. கிடைப்பது நான்கு குட்டி விரிவுரைகள், நான்கு அனுபவமில்லாத விரிவுரையாளர்களிடமிருந்து. அதற்கு நாமே பேசியிருக்கலாம்.

அறிகுறி: பேச்சு களைகட்டுகிறது, தேர்வில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை

மிகவும் ஏமாற்றுகிற கோளாறு இது. வெளியிலிருந்து பார்த்தால் வகுப்பு அருமையாக ஓடுவது போலவே இருக்கும்.

முதல் சந்தேகம்: எல்லோரும் சேர்ந்து தவறான விடைக்கு ஒத்துப்போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள, பேச விடுவதற்கு முன்பே ஓட்டு எடுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை இது. பல தேர்வு விடைக் கேள்வி ஒன்றைக் கொடுத்து, தனித்தனியாக ஓட்டுப் போடச் சொல்வார். சுமார் 30-இலிருந்து 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க விட்டு, மறுபடி ஓட்டு எடுப்பார். 30-க்குக் கீழே என்றால் விவாதிக்க அடித்தளமே இல்லை, நீங்கள்தான் விளக்க வேண்டும். 70-க்கு மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். கருவி எதுவும் வேண்டாம், நான்கு நிற அட்டைகள் போதும். “குழுவில் ஒருவருக்கும் விடை தெரியாவிட்டால் பேசி என்ன பயன்?” என்று கேட்பவர்கள் உண்டு. 2009-இல் மிஷெல் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்தார்கள். தொடக்கத்தில் யாருக்குமே சரியான விடை தெரியாத குழுக்களிலும் பேசியபின் முன்னேற்றம் இருந்தது.

இரண்டாவது சந்தேகம்: மாணவர்கள் மனதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் தவறான கருத்தை உங்கள் கேள்வி தொடவே இல்லை. நம் பாடத்தில் அப்படி நிறைய உண்டு. எண்டோஸ்போர் (கடுமையான சூழலைத் தாங்க பாக்டீரியா எடுக்கும் உறங்கும் வடிவம்) இனப்பெருக்கத்துக்கானது என்பது ஒன்று. கிராம் நெகடிவுக்கு பெப்டிடோகிளைகானே கிடையாது என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் தலைமகன், “மருந்து கொடுக்கக் கொடுக்க பாக்டீரியா அதற்குப் பழகிக்கொள்கிறது” என்பது. இதை எத்தனை முறை மறுத்துச் சொன்னாலும் போகாது. தலையாட்டுவார்கள், தேர்வில் அதையே எழுதுவார்கள்.

சொல்வதை நிறுத்திவிட்டுத் தரவைக் கையில் கொடுத்தபோதுதான் எனக்கு இதில் அசைவு தெரிந்தது. 1943-இல் லூரியாவும் டெல்புருக்கும் வெளியிட்ட சோதனை இதற்கென்றே அமைந்தது. மருந்தின் இடத்தில் இங்கே பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ். ஈ. கோலையைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, ஒவ்வொன்றையும் அந்த வைரஸ் பூசிய தட்டில் பரப்பி, எத்தனை எதிர்ப்புக் காலனிகள் (வைரஸுக்குத் தப்பிய செல்கள் பெருகிய புள்ளிகள்) வருகின்றன என்று எண்ணினார்கள். குழுக்களிடம் எண்களைக் கொடுக்காதீர்கள். முதலில் கேள்வி மட்டும்: “வைரஸைச் சந்தித்த பிறகுதான் எதிர்ப்பு உருவாகிறது என்றால், 20 குழாய்களின் எண்களும் எப்படி இருக்கும்? அதற்கு முன்பே, வளரும்போது ஏதோ ஒரு கணத்தில் தற்செயலாக உருவானது என்றால் எப்படி இருக்கும்?” இரண்டுக்கும் தோராயமாக எண்களை எழுதச் சொல்லுங்கள். இங்கே பத்து நிமிடமாவது விடுங்கள். அவசரப்படுத்தினால் எல்லாம் வீண்.

முதல் ஊகத்துக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி எண்களை எழுதிவிடுவார்கள். இரண்டாவதில்தான் திணறல். சீக்கிரமே மாற்றம் நடந்த குழாயில் அந்த ஒரு செல்லின் வாரிசுகள் பெருகி நிறைய வரும், கடைசி நேரத்தில் நடந்திருந்தால் ஒன்றோ இரண்டோ, நடக்காவிட்டால் ஒன்றுமே இல்லை என்பதை யாராவது ஒருவர் பிடித்ததும் மேசை கலகலக்கும். அப்போது உண்மை எண்களைக் காட்டுங்கள். ஒரு சோதனையில் 20 குழாய்களில் 11-இல் பூஜ்யம், ஒன்றில் 107, இன்னொன்றில் 64. ஒரே வளர்ப்பிலிருந்து பல மாதிரிகள் எடுத்தபோதோ எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அதன்பின் நான் விளக்கம் சொல்ல வேண்டியது அதிகம் இருப்பதில்லை. நேரம் மிஞ்சினால், 1952-இல் எஸ்தரும் ஜோஷுவா லெடர்பெர்கும் வெல்வெட் துணியால் காலனிகளை ஒரு தட்டிலிருந்து பல தட்டுகளுக்கு ஒற்றியெடுத்த சோதனையைக் கொடுத்து, எதிர்ப்புக் காலனிகள் எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் முளைத்தால் என்ன பொருள் என்று கேட்கலாம்.

மூன்றாவது சந்தேகம் சின்னது, ஆனால் அடிக்கடி நடப்பது. மணி அடித்துவிட்டது, முடிவு சொல்லாமல் கலைத்துவிட்டீர்கள். கடைசி ஐந்து நிமிடம் உங்களுடையது. சரியான விடை, அதற்குக் காரணம், தவறான விடை ஏன் கவர்ச்சியாக இருந்தது, இந்த மூன்றையும் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: விளையாட்டு பிரமாதம், பாடம் எங்கே போனது?

தொற்று பரவும் விளையாட்டு பலருக்குத் தெரிந்திருக்கும். எல்லோருக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர், ஒருவருடையதில் மட்டும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு. மூன்று சுற்று ஜோடி மாற்றி திரவத்தைக் கலந்துகொள்வார்கள். கடைசியில் ஃபீனால்ஃப்தலீன் (காரத்தில் நிறம் மாறும் காட்டி) சொட்டினால் ‘தொற்றியவர்’ கோப்பை இளஞ்சிவப்பாகும். ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. அடுத்த வாரம் கேட்டால் “கலர் மாறியது சார்” என்பார்கள்.

மருந்து: சொட்டு விடுவதற்கு முன்பே கணிப்பை எழுதி வாங்குங்கள். மூன்று சுற்றில் அதிகபட்சம் எத்தனை பேர்? ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டு. எட்டுக்குக் குறைவாக வந்தால் ஏன்? யார் யாரோடு கலந்தார்கள் என்ற பட்டியலை வைத்து முதல் நபரைக் கண்டுபிடிப்பது குழுவின் வேலை. இதில் எனக்குப் பிடித்த இடம், அவரைத் தனியாகப் பிடிக்கவே முடியாது என்பது. முதல் சுற்றில் கலந்துகொண்ட இருவர் வரை வரலாம், அந்த இருவரில் யார் என்று தரவு சொல்லாது. வேறு என்ன தகவல் இருந்தால் சொல்ல முடியும் என்று கேளுங்கள், நோய்ப்பரவலியலின் பாதிப் பாடம் அங்கே இருக்கிறது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நீர்த்ததானாலும் அது காரம்.

அறிகுறி: “நீங்களே நடத்திவிடுங்களேன்” என்று முனகுகிறார்கள்

மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள், ஆனால் ஒதுக்கியும் விடாதீர்கள். 2019-இல் ஹார்வர்டில் லூயி டெலாரியே குழுவினர் இயற்பியல் மாணவர்களை இரண்டு விதமாகவும் படிக்கவைத்துப் பார்த்தார்கள். தாங்களே போராடிக் கற்ற வகுப்பில் மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். வழுக்கிக்கொண்டு போகும் விரிவுரை புரிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கத்தைத் தரும். இதை முதல் வாரமே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முதல் தேர்வு முடிந்ததும் மறுபடி ஒரு முறை.

சில சமயம் முனகல் நியாயமானது. ஒரே வகுப்பில் நான்கு நடவடிக்கை, நான்கு தாள், எதற்கும் முடிவு இல்லை என்றால் நானும் முனகுவேன். ஒரு வகுப்புக்கு ஒரு நல்ல கேள்வி போதும்.

அறிகுறி: பாடத்திட்டம் முடியவில்லை

முடியாதுதான். எல்லாவற்றையும் குழுவாகச் செய்தால் நிச்சயம் முடியாது. எதைக் குழுவுக்குக் கொடுப்பது, எதை வீட்டுக்கு அனுப்புவது என்று பிரிக்க வேண்டும். என் கணக்கு இது: வெறும் பெயர்ப் பட்டியலாக இருப்பதெல்லாம் வீட்டுக்கு. வகைப்பாட்டுப் படிநிலைகள், உயிர்வேதிச் சோதனைகளின் அட்டவணை, ஊடகங்களின் உட்பொருள்கள். காரணம் கேட்கவேண்டியதெல்லாம் வகுப்புக்கு: வளர்ச்சி வளைகோடு ஏன் தட்டையாகிறது, லாக் ஓபரான் (லாக்டோஸைப் பயன்படுத்துவதற்கான மரபணுத் தொகுதி) எப்போது திறக்கும், பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) எப்படிப் பரவும்.

அறிகுறி: வீட்டில் படித்து வருவதில்லை

பத்துப் பக்கம் கொடுத்துவிட்டு, மறுநாள் அதையே நீங்கள் திரும்ப விளக்கினால் யார் படிப்பார்கள்? நான்கு பக்கம் கொடுங்கள். வகுப்பு தொடங்கியதும் ஐந்து கேள்வி, முதலில் தனியாக, அப்புறம் அதே ஐந்தும் குழுவாக, இரண்டுக்கும் மதிப்பெண். 1970-களின் இறுதியில் லாரி மைக்கேல்சன் உருவாக்கிய குழுவழிக் கற்றலின் முதல் படி இது. படிக்காமல் வந்தவரைக் கண்டிக்கும் வேலையை உங்களைவிட நன்றாக அவருடைய குழு செய்துவிடும். விடைகளை அங்கேயே சொல்லிவிடுங்கள், எல்லோரும் தடுமாறிய ஒன்றை மட்டும் விளக்குங்கள்.

அறிகுறி: ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரே ‘சரியான’ முடிவு

பயப்பட வேண்டிய அறிகுறி. பக்கத்து மேசையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், எழுதும்படி வைத்தது நாம்தான். முடிவுக்கு மதிப்பெண் கொடுத்தால் முடிவு வந்துவிடும், எங்கிருந்தாவது. மதிப்பெண்ணைக் கணிப்புக்கும் விளக்கத்துக்கும் மாற்றுங்கள்.

கெட்டுப்போன ஸ்லைடுகளையும் தட்டுகளின் படங்களையும் சேர்த்து வையுங்கள், அவை பொக்கிஷம். சிவப்பாகத் தெரியும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஸ்லைடைக் குழுவிடம் கொடுத்து, பழைய வளர்ப்பா, ஆல்கஹால் அதிக நேரம் ஓடியதா, சூட்டில் கருகியதா என்று துப்பறிய விடுங்கள். ஆன்டிபயாடிக் வட்டுகளைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிந்த வளையங்களைக் காட்டி “எது சிறந்த மருந்து?” என்று கேட்டால், எல்லோரும் பெரிய வளையத்தைக் காட்டுவார்கள். அகாரில் ஒவ்வொரு மருந்தும் வெவ்வேறு வேகத்தில் பரவும், அதனால் வளையத்தை அந்தந்த மருந்துக்குரிய அட்டவணையோடுதான் ஒப்பிட முடியும் என்ற இடத்துக்கு அவர்களே வரட்டும்.

நீர்த்தல் கணக்கில் (வளர்ப்பை நீர்த்துப் பரப்பி, காலனிகளை எண்ணி, மூலத்தில் எத்தனை பாக்டீரியா என்று கணக்கிடுவது) எண்கள் குழுவுக்குக் குழு தாறுமாறாக வரும். அதை மறைக்காமல் எல்லாக் குழுக்களின் எண்களையும் பலகையில் எழுதுங்கள். ஒரு லட்சம் மடங்கு நீர்த்த குழாயிலிருந்து 0.1 மில்லிலிட்டர் பரப்பி 142 காலனி வந்தால், மூல வளர்ப்பில் மில்லிலிட்டருக்கு 14.2 கோடி பாக்டீரியா. ஒரு குழுவுக்கு மட்டும் சரியாகப் பத்தில் ஒரு பங்கு வந்திருந்தால், அந்த 0.1-ஐக் கணக்கில் விட்டுவிட்டார்கள் என்று பக்கத்துக் குழு கண்டுபிடிக்கும். நீங்கள் திருத்தினால் அது வெறும் திருத்தம், அவர்கள் கண்டுபிடித்தால் மறக்காது.

அறிகுறி: குழுவுக்குள் சண்டை

நண்பர்களே சேர்ந்து குழு அமைத்துக்கொண்டிருந்தால் அங்கே பாருங்கள். குழுவை நீங்கள் பிரியுங்கள், பருவம் முழுவதும் மாற்றாதீர்கள். பருவத்தின் நடுவில் ஒரு முறை, ஒருவரைப் பற்றி மற்றவர்கள் தனித்தாளில் எழுதித் தரட்டும். மதிப்பெண் இல்லாத அந்த முதல் எழுத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

அறிகுறி: எல்லாம் நன்றாகவே ஓடுகிறது, இறுதித் தேர்வு மதிப்பெண் மட்டும் அசையவில்லை

வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். வகுப்பு முழுக்கக் காரணம் தேட வைத்துவிட்டு, தாளில் “வரையறு”, “பட்டியலிடு”, “குறிப்பு வரைக” என்று கேட்டிருந்தால், மனப்பாடம் செய்தவருக்குத்தான் லாபம். வினாத்தாள் உங்கள் கையில் இல்லையென்றால் அகமதிப்பீட்டுத் தேர்விலிருந்தாவது தொடங்கலாம். “கிராம் சாயமேற்றலின் படிநிலைகளை விவரி” என்பதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்: “ஒரு மாணவரின் ஸ்லைடில் ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈ. கோலை இரண்டுமே ஊதாவாகத் தெரிகின்றன. எந்தப் படியில் என்ன நடந்திருக்கலாம்? உங்கள் ஊகம் சரியா என்று எப்படி உறுதிசெய்வீர்கள்?” ஐந்து மதிப்பெண் என்றால், காரணத்துக்கு இரண்டு, உறுதிசெய்யும் வழிக்கு மூன்று.